மெலனோமா கதிர்வீச்சை எப்படித் தாங்குகிறது: பென்சில்வேனியாவின் 22 நோயாளிகளும் ரெஸ் 499 செல்களும்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 22 பேர் ஒரு ஆய்வில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய். எல்லோருக்கும் உடம்பின் பல இடங்களுக்குப் பரவிவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கட்டியைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி நுரையீரலிலோ எலும்பிலோ இருந்தால் ஒரு தடவைக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), கல்லீரலிலோ தோலுக்கடியிலோ இருந்தால் 6 கிரே. இரண்டு அல்லது மூன்று தடவை. அது முடிந்து 3 முதல் 5 நாள் கழித்து இபிலிமுமாப் என்ற மருந்து, மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம் நான்கு ஊசி. அதன் பிறகு கதிர்வீச்சு படாத மற்ற கட்டிகளை ஸ்கேனில் அளந்தார்கள்.

நான்கு பேருக்குக் கட்டிகள் சுருங்கின. நான்கு பேருக்கு அப்படியே நின்றன. மீதி 14 பேருக்கு வளர்ந்துகொண்டே போயின. நோய் மறுபடி முன்னேறுவதற்கான இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேர் கடக்கும் காலம், 3.8 மாதம். உயிர் வாழ்ந்த இடைநிலைக் காலம் 10.7 மாதம்.

2015-ல் நேச்சர் இதழில் வெளிவந்த இந்த ஆய்வை நான் பல தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனசு அந்த 14 பேரிடம்தான் போய் நிற்கிறது. அதே மருந்து, அதே கதிர்வீச்சு, அதே மருத்துவமனை. அவர்கள் உடம்பில் இருந்த கட்டிகள் எதை வைத்துத் தாக்குப்பிடித்தன? ஆண்டி மின், ராபர்ட் வொண்டர்ஹைடே, அமித் மைட்டி உள்ளிட்ட அந்தக் குழு இந்தக் கேள்வியை விடவில்லை. பதிலுக்காகச் சுண்டெலிகளிடம் போனார்கள். அங்கே அவர்கள் கண்டது ஒரு புரதத்தை. அதை எப்படிக் கண்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் உயிர்.

மெலனோமாவின் பழைய பெயர்

நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு மெலனோமா மசியாது என்ற எண்ணம் மருத்துவர்களிடம் வெகுகாலமாக உண்டு. தோலில் வரும் மற்ற புற்றுநோய்களான பேசல் செல், ஸ்குவாமஸ் செல் வகைகளில் கதிர்வீச்சு நன்றாகவே வேலை செய்கிறது. அறுவை சிகிச்சை செய்ய முடியாத இடத்தில், மூக்கு ஓரத்திலோ கண் இமையிலோ இருந்தால், அதை மட்டும் வைத்தே குணமாக்குகிறார்கள். மெலனோமாவுக்கு மட்டும் ‘அடங்காதது’ என்று பெயர்.

அந்தப் பெயருக்கு ஒரு ஆய்வகச் சான்றும் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, ஒரு செல் கதிர்வீச்சைத் தாங்குகிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

காலனி எண்ணும் சோதனை என்று ஒன்று இருக்கிறது. 1956-ல் தியோடோர் பக், பிலிப் மார்கஸ் இருவரும் கதிர்வீச்சுக்காக அதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். இன்றைக்கும் அதுதான் உரைகல். தட்டில் ஒட்டி வளர்ந்த செல்களை ட்ரிப்சின் என்ற நொதியை ஊற்றித் தனித்தனியாகப் பிரித்தெடுக்கிறார்கள். எண்ணிப் பார்த்துப் புதுத் தட்டுகளில் விதைக்கிறார்கள். கதிர்வீச்சு படாத தட்டுக்கு நூறோ இருநூறோ போதும். அதிக டோஸ் வாங்கப்போகும் தட்டுக்கு ஆயிரக்கணக்கில் போட வேண்டும், இல்லையென்றால் கடைசியில் எண்ண ஒன்றுமே மிஞ்சாது. கதிர்வீச்சு கொடுத்துவிட்டு 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால், அப்புறம் கிட்டத்தட்ட இரண்டு வாரம் கையை வைக்கக் கூடாது. தட்டை அசைத்தால் ஒரு காலனியிலிருந்து செல்கள் பிய்ந்துபோய்ப் பக்கத்தில் போலிக் காலனிகள் முளைத்துவிடும். இரண்டு வாரம் கழித்துக் கிரிஸ்டல் வயலெட் சாயம் ஊற்றிக் கழுவினால், தட்டின் அடியில் ஊதாப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு செல்லின் வம்சம். 50 செல்லாவது இருக்கும் புள்ளிதான் கணக்கில் சேரும். மூன்று நான்கு தடவை பிரிந்துவிட்டு நின்றுபோன செல்களும் தட்டில் இருக்கும், பார்த்தால் உயிரோடுதான் இருப்பது போலத் தெரியும். இந்தச் சோதனையில் அவை இறந்தவை. வம்சம் வளர்க்க முடியாத புற்றுசெல்லால் நோயாளிக்குத் தீங்கு இல்லை என்பதால் அந்தக் கணக்கு சரியானது.

1971-ல் ஹூஸ்டனில் பரான்கோவும் அவருடைய சகாக்களும் மனித மெலனோமா செல்களை இப்படிச் சோதித்தார்கள். டோஸை ஏற்ற ஏற்ற எத்தனை செல் பிழைக்கிறது என்று கோடு வரைந்தால், பல செல் வகைகளில் அந்தக் கோடு சட்டென்று கீழே இறங்கிவிடும். மெலனோமாவில் தொடக்கத்தில் அகலமான ஒரு தோள் தெரிந்தது. சின்னச் சின்ன டோஸ் கொடுத்தால் செல்கள் காயத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுகின்றன என்று அதற்கு அர்த்தம். அப்படியானால் தினமும் கொஞ்சமாகக் கொடுக்காமல் ஒரே தடவையில் பெரிதாகக் கொடுக்கலாமே என்று யோசித்தார்கள். அமெரிக்காவில் ஆர்.டி.ஓ.ஜி. 83-05 என்ற ஆய்வில் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவுக்கு 8 கிரே வீதம் 4 தடவை, இன்னொரு பிரிவுக்கு 2.5 கிரே வீதம் 20 தடவை. 1991-ல் முடிவு வந்தது. கட்டி முழுசாக மறைந்தவர்கள் ஒரு பக்கம் சுமார் 24 சதவீதம், மறுபக்கம் சுமார் 23. வித்தியாசமே இல்லை.

இந்த எண்களை நிதானமாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நான்கில் ஒருவருக்குக் கதிர்வீச்சு பட்ட மெலனோமாக் கட்டி முழுசாக மறைந்திருக்கிறது. ‘அடங்காதது’ என்ற பெயர் மெலனோமாவுக்கு முழுசாகப் பொருந்தவில்லை. சிலருக்கு அடங்குகிறது, பலருக்கு அடங்கவில்லை. தட்டில் வளர்த்த மெலனோமா செல் வகைகளும் அப்படித்தான், ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

செல்லுக்குள் இருக்கும் பழுது பார்ப்பவர்கள்

தாங்கும் செல்கள் எப்படித் தாங்குகின்றன என்ற கேள்விக்கு முதலில் கிடைத்த பதில் டி.என்.ஏ. பழுது பார்க்கும் புரதங்கள். ஒரு கிரே கதிர்வீச்சு ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் சுமார் 40 இடங்களில் இரண்டு இழைகளையும் ஒருசேர அறுக்கிறது. ஒற்றை இழை அறுபடுவது ஆயிரம் இடத்தில் நடந்தாலும் செல் சமாளித்துவிடும். இரண்டும் அறுந்தால்தான் ஆபத்து.

அறுந்த முனை தெரிந்த சில நொடிகளில் கு70, கு80 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து மோதிரம் மாதிரி அந்த முனையில் போய் மாட்டிக்கொள்கின்றன. டி.என்.ஏ.-பி.கே. என்ற பெரிய புரதம் வந்து அவற்றோடு சேர்கிறது. கடைசியில் லைகேஸ் 4 இரண்டு முனையையும் ஒட்டுகிறது. இன்னொரு பக்கம் ஏ.டி.எம். என்ற புரதம் அலாரம் அடிக்கிறது. பக்கத்தில் இருக்கும் எச்2ஏஎக்ஸ் புரதத்தில் பாஸ்பேட் குறி வைத்து, வெட்டு விழுந்த இடத்தை அடையாளம் காட்டுகிறது. நுண்ணோக்கியில் இந்தக் குறிகளைச் சாயமிட்டுப் பார்த்தால், உட்கருவுக்குள் பச்சைப் பொட்டுகளாக மின்னும். கதிர்வீச்சு கொடுத்த அரைமணியில் உட்கரு நிறைய பொட்டுகள் இருக்கும், மறுநாள் பார்த்தால் அநேகம் அணைந்திருக்கும். அணைந்த பொட்டெல்லாம் ஒட்டப்பட்ட வெட்டு. வேகமாக அணைக்கத் தெரிந்த செல் பிழைக்கிறது.

மெலனோமாவுக்கு இதற்கு மேலும் ஒரு பிறவிக் குணம் இருக்கிறது. நிறம் தரும் செல் வெயிலுக்குக் கீழேயே வாழ வேண்டிய செல். புற ஊதாக் கதிர் பட்ட ஒவ்வொரு முறையும் அது செத்துவிழுந்தால் தோலுக்குக் காவல் இருக்காது. அதனால் சாவைத் தடுக்கும் பி.சி.எல்.-2 புரதத்தை, நிறச் செல்லின் தலைமைப் புரதமான எம்.ஐ.டி.எஃப். தானே தூண்டி வைக்கிறது. ‘காயம் பெரிது, செத்துப்போ’ என்று கட்டளையிடும் பி53 புரதமும் மெலனோமாவில் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை. ஆனால் அதன் வாய் பொத்தப்பட்டுவிடுகிறது. மெலனோமாக்களில் சுமார் 65 சதவீதத்தில் எம்.டி.எம்.4 என்ற புரதம் மிகுந்திருந்து பி53-ஐச் செயல்படவிடாமல் செய்கிறது என்று 2012-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெயிலிலிருந்து நம்மைக் காக்க அந்தச் செல் கற்றுக்கொண்ட பொறுமை, அது புற்றான பிறகு நமக்கு எதிராகத் திரும்புகிறது.

இதெல்லாம் உண்மை. ஆனால் பென்சில்வேனியாவின் 14 பேருக்கு இது பதில் ஆகாது. ஏன் என்றால் அங்கே அளந்தது கதிர்வீச்சு *படாத* கட்டிகளை. வெட்டே விழாத டி.என்.ஏ.வுக்குப் பழுது பார்ப்பவர் எதற்கு? இந்த இடத்தை அவசரமாகப் படிப்பவர்கள் தவறவிட்டுவிடுகிறார்கள், நானும் முதல் வாசிப்பில் தவறவிட்டேன்.

படாத கட்டி ஏன் சுருங்க வேண்டும்?

ஒரு இடத்தில் கதிர்வீச்சு கொடுத்தால் உடம்பின் வேறொரு இடத்தில் விளைவு தெரிவதற்கு ‘அப்ஸ்கோபல்’ விளைவு என்று பெயர். 1953-ல் ஆர். எச். மோல் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் வைத்த பெயர். ‘குறிக்கு வெளியே’ என்று பொருள். பல பத்தாண்டுகள் அது எங்கோ ஒருவருக்கு நடக்கும் அதிசயமாகவே இருந்தது.

2012 மார்ச்சில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண்ணின் கதை வெளிவந்தது. 2004-ல் மெலனோமா கண்டறியப்பட்டவர். பரவிய நோய்க்கு இபிலிமுமாப் வாங்கிக்கொண்டிருந்தபோதே நோய் மெல்ல முன்னேறியது. முதுகெலும்பை ஒட்டிய ஒரு கட்டி வலி கொடுத்ததால், 2010 டிசம்பரில் அதற்கு மட்டும் மூன்று தடவையாக 28.5 கிரே கொடுத்தார்கள். சில மாதத்தில் அந்தக் கட்டி சுருங்கியது. கதிர் படாத மண்ணீரல் கட்டிகளும் நுரையீரல் வேரருகே இருந்த நிணநீர்க் கணுவும் கூடச் சுருங்கின. அவருடைய ரத்தத்தில் என்.ஒய்.-இ.எஸ்.ஓ.-1 என்ற கட்டிப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி கதிர்வீச்சுக்குப் பிறகு ஏறியிருந்தது. கதிர்வீச்சில் உடைந்த செல்கள் தம் புரதங்களை வெளியே சிந்தியதும் உடம்பின் காவல் செல்கள் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டு மற்ற கட்டிகளையும் தேடிப் போயின என்றுதான் இதைப் புரிந்துகொண்டார்கள்.

இபிலிமுமாப் தடுக்கும் புரதம் சி.டி.எல்.ஏ.-4. அது டி செல்கள் என்ற காவல் செல்களின் மேல் இருக்கும் பிரேக். அந்த பிரேக்கை எடுத்தால் டி செல்கள் கட்டியைத் தாக்கும் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும், பி.டி.-1 என்ற இன்னொரு பிரேக்கைக் கண்டுபிடித்த டசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இபிலிமுமாபுக்கு அமெரிக்க அனுமதி 2011 மார்ச்சில் வந்தது. பி.டி.-1 மருந்துகளுக்கு 2014-ல்தான் வந்தது. பென்சில்வேனியா ஆய்வு கதிர்வீச்சோடு முதல் பிரேக்கை மட்டும் எடுத்ததற்கு இந்தக் காலவரிசையே காரணம்.

ரெஸ் 499

இப்போது சுண்டெலிகள். பி16-எஃப்10 என்பது கறுப்புச் சுண்டெலியின் மெலனோமா செல் வகை. ஆய்வகங்களில் பெயர்போன முரட்டு வகை. இதை ஒரு சுண்டெலியின் இரண்டு விலாப்புறமும் தோலுக்கடியில் செலுத்தினார்கள். இரண்டு பக்கமும் கரும்புள்ளி மாதிரி கட்டி வளர்ந்தது. ஒரு பக்கத்துக்கு மட்டும் 20 கிரே, மறுபக்கத்தை மறைத்துவிட்டார்கள். சி.டி.எல்.ஏ.-4-ஐத் தடுக்கும் ஆன்டிபாடியும் கொடுத்தார்கள். சில எலிகளில் இரண்டு கட்டியுமே மறைந்தன. பெரும்பாலானவற்றில் மறையவில்லை. மனிதரில் கண்ட அதே கதை.

பிறகு செய்ததுதான் இந்த ஆய்வின் அழகு. சிகிச்சைக்குப் பிறகும் வளர்ந்த கட்டிகளை வெட்டியெடுத்து, அதிலிருந்து செல்களைத் தட்டில் வளர்த்தார்கள். அப்படிப் பிழைத்து வந்த ஒரு வகைக்கு ரெஸ் 499 என்று பெயர். அந்தச் செல்களை, எந்தச் சிகிச்சையும் பார்த்திராத புதிய எலிகளுக்குள் செலுத்தி, அதே சிகிச்சையைக் கொடுத்தார்கள். இந்தத் தடவையும் கட்டிகள் அசையவில்லை. ஆக, எதிர்ப்பு அந்த எலியின் உடம்பில் இல்லை, செல்லோடு கூடவே பயணம் செய்கிறது. செல் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு அதைத் தன் வம்சத்துக்கும் கொடுத்திருக்கிறது.

என்ன கற்றுக்கொண்டது? தாய் வகையையும் ரெஸ் 499-ஐயும் பக்கத்தில் வைத்து, எந்தெந்த ஜீன்கள் அதிகமாக வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டார்கள். முன்கூட்டி எதையும் தேடவில்லை, எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஏறியிருந்த ஜீன்களின் வரிசையில் உச்சிக்குப் பக்கத்தில் நின்றது பி.டி.எல்.-1.

பி.டி.எல்.-1 செல்லின் வெளிச்சுவரில் நிற்கும் புரதம். டி செல்லின் மேலிருக்கும் பி.டி.-1-ஓடு அது கைகோத்தால், டி செல் சோர்ந்துபோகும். கட்டிக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும், ஆனால் கொல்லாது. நம் உடம்புக்கு இது இயல்பாகத் தேவையான ஏற்பாடு. சளி, காய்ச்சல் என்று வந்து தொற்று அடங்கியதும் டி செல்கள் அடங்கவில்லையென்றால் அவை நம் திசுக்களையே தின்றுவிடும். மெலனோமா இந்த ஏற்பாட்டை இரவல் வாங்கிக்கொள்கிறது.

பி.டி.எல்.-1 அதிகமாக இருப்பது ஒன்று, அதுதான் காரணம் என்பது வேறு. அதையும் சோதித்தார்கள். கிரிஸ்பர் முறையில் ரெஸ் 499 செல்களின் பி.டி.எல்.-1 ஜீனை வெட்டி நீக்கினார்கள். கதிர்வீச்சும் சி.டி.எல்.ஏ.-4 தடுப்பும் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. ஜீனைத் தொடாமல் பி.டி.எல்.-1-ஐ ஆன்டிபாடியால் மறைத்தபோதும் பலன் கிடைத்தது. எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடித்தது. ஒரு புரதத்தைச் சந்தேகப்படுவதோடு பலர் நின்றுவிடுவார்கள். இவர்கள் அதை எடுத்துப் பார்த்தார்கள்.

மூன்று சிகிச்சையும் சேரும்போது ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்றும் பிரித்துக் காட்டினார்கள். சி.டி.எல்.ஏ.-4 தடுப்பு, டி செல்களை அடக்கிவைக்கும் ‘டி-ரெக்’ செல்களைக் குறைக்கிறது. பி.டி.எல்.-1 தடுப்பு, சோர்ந்த டி செல்களை எழுப்புகிறது. கதிர்வீச்சு, கட்டியை அடையாளம் காணும் டி செல்களின் வகைகளைப் பெருக்குகிறது. ஒரே முகத்தை மட்டும் தெரிந்த காவலர்களுக்குப் பதிலாகப் பல முகங்களைத் தெரிந்த காவலர்கள். அந்தச் சுண்டெலிகளில், கதிர்வீச்சை விட்டுவிட்டு இரண்டு மருந்தை மட்டும் கொடுத்தால் அந்த அளவு பலன் வரவில்லை.

இதை வைத்துக்கொண்டு நோயாளிகளிடம் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய கட்டித் திசு மாதிரிகளைச் சாயமிட்டுப் பார்த்தபோது, மெலனோமா செல்களில் பி.டி.எல்.-1 அதிகம் இருந்தவர்களுக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. அவர்களுடைய ரத்தத்தில் டி செல்கள் சோர்வு நீங்காமலே இருந்தன. நோயும் வேகமாக முன்னேறியது.

கேடயத்தை எழுப்புவது யார்?

பி.டி.எல்.-1 எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து போனால், மனசு கொஞ்சம் கனத்துப்போகிறது. அதை எழுப்புவதில் பெரும்பங்கு நம் டி செல்களுக்கே உண்டு.

டி செல் கட்டிக்குள் நுழைந்து தாக்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது மெலனோமா செல்லின் சுவரில் போய்ப் படிந்ததும் உள்ளே ஜே.ஏ.கே. என்ற நொதிகள் விழிக்கின்றன, அவை ஸ்டாட்1 புரதத்தைத் தூண்டுகின்றன, ஸ்டாட்1 உட்கருவுக்குள் போகிறது, பி.டி.எல்.-1 ஜீன் திறக்கிறது. தாக்குதலின் சத்தமே கேடயத்தைத் தூக்கச் சொல்லும் சைகையாகிவிடுகிறது.

கதிர்வீச்சும் இதே வாசலுக்குத்தான் வந்து சேர்கிறது. வெட்டுப்பட்ட டி.என்.ஏ.வோடு ஒரு செல் பிரிய முயன்றால், துண்டுகள் உட்கருவுக்குள் சேராமல் வெளியே சின்ன உருண்டைகளாக, நுண்கருக்களாக ஒதுங்கிவிடுகின்றன. செல்லுக்குள் இருக்கும் சி-காஸ் என்ற புரதம் அந்த அநாதை டி.என்.ஏ.வைக் கண்டதும் வைரஸ் வந்துவிட்டது என்று நினைத்து ஸ்டிங் என்ற புரதம் வழியாக இன்டர்ஃபெரானைத் தூண்டுகிறது. இதை 2017-ல் பென்சில்வேனியாவிலேயே ரோஜர் கிரீன்பெர்க் குழு காட்டியது. கதிர்வீச்சு கொடுத்த உடனே இது நடப்பதில்லை. செல் பிரிவைக் கடக்க வேண்டும் என்பதால் சில நாள் பிடிக்கிறது. அதே ஆண்டு, டி.என்.ஏ. இரட்டை வெட்டுகளே ஏ.டி.எம்., சி.எச்.கே.1 ஆகிய அலாரப் புரதங்கள் வழியாக பி.டி.எல்.-1-ஐ ஏற்றுகின்றன என்று வேறு புற்றுசெல் வகைகளில் ஒரு ஜப்பானியக் குழு காட்டியது. பழுது பார்ப்பவர்களும் கேடயம் ஏந்துபவர்களும் வெவ்வேறு ஆட்கள் என்று நினைத்திருந்தோம். உள்ளே அவர்களுக்குள் கம்பி இழுத்து இணைத்திருக்கிறது.

இதன் முன்னோட்டம் 2004-லேயே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிகோலாய் கோதரெவ், ரால்ஃப் வைக்செல்பாம் குழு தலை-கழுத்து ஸ்குவாமஸ் புற்றுசெல்களுக்கு மீண்டும் மீண்டும் கதிர்வீச்சு கொடுத்து, தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் வளர்த்தது. தப்பியவற்றில் ஸ்டாட்1 உம் இன்டர்ஃபெரான் சார்ந்த ஜீன்களும் ஏறியிருந்தன. அப்போது அது ஒரு புதிராகத்தான் தெரிந்தது. வைரஸை எதிர்க்கும் ஜீன்களுக்குக் கதிர்வீச்சோடு என்ன உறவு? அந்தக் குழுவின் பிந்தைய ஸ்டாட்1 ஆய்வுகளில் சேர்ந்துகொண்ட ஆண்டி மின், பின்னர் பென்சில்வேனியாவில் அதே ஸ்டாட்1-இடம் திரும்பி வந்தார்.

2016-ல் செல் இதழில் அவருடைய குழு ரெஸ் 499-இன் அடுத்த அத்தியாயத்தை வெளியிட்டது. இன்டர்ஃபெரான் சைகை கொஞ்ச நேரம் கேட்டால் டி செல்லுக்கு நல்லது. வாரக்கணக்கில் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், மெலனோமா செல்லில் ஸ்டாட்1 சார்ந்த ஜீன்களின் வாசல்கள் திறந்தபடியே பழகிவிடுகின்றன. அதன் பிறகு அது பி.டி.எல்.-1-ஐ மட்டும் நம்பி இருப்பதில்லை. டி செல்களை அடக்கும் வேறு பல பிடிகளும் ஒன்றாக முளைக்கின்றன. அந்த நிலையில் ஒரு கேடயத்தைப் பிடுங்கினால் அடுத்தது இருக்கும். எலிகளில் ஜே.ஏ.கே. நொதியைத் தடுக்கும் ருக்ஸோலிட்டினிபைச் சேர்த்துக் கொடுத்து அந்தச் சைகையை அணைத்தபோது எதிர்ப்பு தளர்ந்தது.

இந்த ஆய்வு எவ்வளவு தூரம் செல்லும்

22 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு கிடையாது. 2010-இல் வந்த பெரிய ஆய்வில் இபிலிமுமாப் தனியாகவே சுமார் 11 சதவீதம் பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. இங்கே 18 சதவீதம். நான்கு பேரை வைத்துக்கொண்டு, கூடுதல் பலன் கதிர்வீச்சால் வந்தது என்று அறுதியிட முடியாது. இந்த ஆய்வின் மதிப்பு தோல்வியை விளக்கியதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வெற்றிக் கதையாக இதை மேற்கோள் காட்டுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, அந்த 14 பேர் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள்.

அப்ஸ்கோபல் விளைவைக் கைக்கு வசமாக்கும் முயற்சியும் எளிதாக இல்லை. தலை-கழுத்துப் புற்றில் 62 பேரை வைத்து, பி.டி.-1 தடுப்பு மருந்தை மட்டும் ஒரு பிரிவுக்கும், அதோடு ஒரு கட்டிக்குக் கதிர்வீச்சையும் சேர்த்து மறு பிரிவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவில், கதிர்வீச்சு சேர்த்ததால் மற்ற கட்டிகளில் கூடுதல் பலன் இல்லை. டோஸும் இதில் பெரிய விஷயம். நியூயார்க்கில் சாண்ட்ரா டெமாரியாவின் குழு 2017-ல் எலி மார்பகப் புற்றில் காட்டியது இது: ஒரு தடவைக்கு 12 முதல் 18 கிரேக்கு மேல் போனால் டிரெக்ஸ்1 என்ற இன்னொரு புரதம் எழுந்து, வெளியே ஒதுங்கிய டி.என்.ஏ.வைத் தின்றுவிடுகிறது. சி-காஸுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது, அலாரம் அடிக்காது. 8 கிரே வீதம் மூன்று தடவை கொடுத்தபோது அலாரம் அடித்தது. சரி, பென்சில்வேனியா எலிகளுக்கு ஒரே தடவையில் 20 கிரே கொடுத்தும் சிலவற்றில் பலித்ததே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த எல்லைக்கோடு எல்லாப் புற்றுக்கும் ஒரே இடத்தில் இல்லை.

இன்று பரவிய மெலனோமாவுக்கு இரண்டு பிரேக்கையும் சேர்த்து எடுப்பது வழக்கமாகிவிட்டது. செக்மேட் 067 ஆய்வின் பத்தாண்டுக் கணக்கு 2024-ல் வந்தது. இபிலிமுமாபும், பி.டி.-1 தடுப்பு மருந்தான நிவோலுமாபும் சேர்த்து வாங்கியவர்களில் 43 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இபிலிமுமாப் மட்டும் வாங்கியவர்களில் 19 சதவீதம். பென்சில்வேனியாவின் 14 பேர் சில ஆண்டுகள் தள்ளி நோயாளியாகி இருந்தால் அவர்களில் சிலர் இந்த முதல் கணக்கில் இருந்திருக்கலாம்.

நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மைப் போன்ற கருத்த தோலில் மெலனோமா குறைவு. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது அதிகம். வெயிலால் வருவதில்லை என்பதால் யாரும் அங்கே தேடுவதில்லை. செருப்புக் கடித்த தழும்பு என்றோ, கல் குத்திய ரத்தக்கட்டு என்றோ விட்டுவிடுகிறோம். ஆறாத, பரவுகிற கருப்புத் திட்டு உள்ளங்காலில் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மேலே சொன்ன புரதங்களின் சண்டை எதுவும் தொடங்குவதற்கு முன்பே, சின்னதாக இருக்கும்போது வெட்டியெடுத்தாலே பலருக்கு முடிந்துவிடும்.

ரெஸ் 499 இன்னும் தட்டுகளில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து கிடைத்த ஜே.ஏ.கே. யோசனையை, 2024-ல் ஆண்டி மின்னும் சகாக்களும் பரவிய நுரையீரல் புற்று நோயாளிகளிடம் சோதித்த முடிவை சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். ஜே.ஏ.கே. தடுப்பு மருந்தை முதல் நாளே கொடுக்கவில்லை. முதலில் ஆறு வாரம் பி.டி.-1 மருந்தை மட்டும் கொடுத்து, டி செல்களுக்குத் தேவையான இன்டர்ஃபெரான் சைகையைக் கேட்க விட்டார்கள். அது ஓயாத இரைச்சலாக மாறும் நேரம் பார்த்துத்தான் அணைக்கும் மருந்தைச் சேர்த்தார்கள்.